மலைநாட்டு வானொலியும் அதன் காந்த அகணியும்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில், காலைப் பெரட்டுடன் தொடங்கும் வேலை நாள் மாலைக் கொழுந்து நிறுவையுடன் முடியும். அதன்பின் லயங்களில் எஞ்சியது மண்ணெண்ணெய் விளக்கின் ஒளி மட்டுமே என்றிருந்த காலம் நெடியது. தொழிற்சாலையில் மின்சாரம் இருந்தது. துரையின் பங்களாவிலும் இருந்தது. சில நூறு யார் தள்ளியிருந்த லயக் காம்பிராக்களை அது எட்டவில்லை. ஆகவே, பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் லயமொன்றில் வானொலிப் பெட்டி பேசியதென்றால், அது பற்றரியினாற் பேசிய பெட்டியே ஆகும்.

அப்பெட்டி பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் எதிர்காலம் கொழும்பிலும் புதுடில்லியிலும் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, ஏறக்குறைய 9,75,000 பேரைப் பற்றியது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவுசெய்வதென்றும் எழுதப்பட்டது. தன் குடும்பம் இவற்றுள் எந்தத் தொகையில் அடங்கும் என்று அறிய விரும்பிய ஒருவருக்கு, எழுத்தறிவு வாய்க்காதவிடத்தும் நாளிதழ் பிந்தி வந்தவிடத்தும், தமிழ்ச் செய்தி வாசிக்கப்படும் அந்தச் சில நிமிடங்கள் எத்தகையனவாக இருந்திருக்கும் என்பதை நேயர்கள் எண்ணிப்பார்க்கலாம். அந்த நிமிடங்களிற் பெட்டி தெளிவாகப் பேசுவதும் கரகரத்து ஓய்வதும் அதன் உள்ளே செப்புக்கம்பி சுற்றப்பட்டிருந்த சில அகணிகளைப் பொறுத்திருந்தன. கம்பிச் சுருளின் நடுவே காந்தத்தைத் தாங்கி நிற்கும் பொருளையே அகணி என்கின்றோர் பொறியியலார்.

கொழும்பில் ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசெம்பரில் எட்வேர்ட் ஹாப்பர் என்பவரது முயற்சியாற் கொழும்பு வானொலியாகத் தொடங்கிற்று. இரண்டாம் உலகப்போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக ஏக்கலையில் நிறுவப்பட்ட வலிமைமிக்க சிற்றலைப் பரப்பி, போருக்குப்பின் இலங்கையின் கைக்கு வந்தது. 1949இல் இலங்கை வானொலி என்னும் பெயர் நிலைபெற்றது. எஸ். பி. மயில்வாகனன் முதலியோரின் தமிழ்க் குரல், கடலைக் கடந்து தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளில் ஒலித்தது. அதே குரல் பதுளையை எட்டுவது அத்துணை எளிதாக இருக்கவில்லை. பதுளை, கொழும்புக்கும் தனக்கும் இடையே மத்திய மலைத்தொடரின் முழு உயரத்தையும் வைத்துக்கொண்டு, நமுனுகுல மலையின் அடியிற் பள்ளத்தில் அமர்ந்திருக்கும் நகரம். 1924இல் அங்கு வந்துசேர்ந்த தொடருந்து, தெமோதரையில் தன்னையே சுற்றி வளைந்து, சுரங்கங்களைக் குடைந்து வழி கண்டது. நடுவலைக்கு அத்தகைய வழி இல்லை. நிலத்தையொட்டிச் செல்லும் நடுவலை, மின்னை நன்கு கடத்தாத பாறை நிலத்தில் விரைவில் வலுவிழந்துவிடும். எனவே பகலில் ஊவாப் பள்ளத்தாக்குகளுக்குக் கைகொடுத்தது, வானத்து அயனமண்டலத்திற் பட்டுத் திரும்பிய சிற்றலையே. இரவிலே நடுவலையும் அவ்வாறு திரும்பத் தொடங்கும். 1939இல் தொடங்கிய திருச்சிராப்பள்ளி நிலையம் போன்றவை அப்பொழுது எட்டக்கூடியனவாகும்.

இனி அந்தப் பற்றரிப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். போருக்குப் பிந்திய பற்றரி வானொலிகளிற் பெரும்பாலும் நான்கு வால்வுகள் இருந்தன. டி.கே.91, டி.எப்.91, டி.ஏ.எப்.91, டி.எல்.92 என்னும் வரிசையைப் பழைய திருத்துநர் எவரும் உறக்கத்திலும் சொல்வர். அவற்றின் இழைகளைச் சூடாக்க 1.5 வோல்ற்றுப் பற்றரி ஒன்று. வால்வுகளின் தகடுகளுக்கு 90 வோல்ற்றுப் பற்றரி மற்றொன்று. இந்த இரண்டாவது பற்றரி, 60 சிறிய கலங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்துச் செய்யப்பட்டது. அதிலிருந்து பெட்டி முழுவதும் பெற்றது 10 முதல் 15 மில்லி அம்பியர் மின்னோட்டந்தான். அதிலும் 9 மில்லி அம்பியர் வரை, ஒலிபெருக்கியை இயக்கும் இறுதி வால்வாகிய டி.எல்.92 ஒன்றே உண்டுவிடும். அது ஈடாகக் கொடுத்த ஒலியாற்றல் உச்சமாக 270 மில்லி உவாற்று, அதாவது கால் உவாற்றைச் சற்றே கடந்த அளவு. நாட்கூலியில் வாழ்ந்த வீட்டில் அந்தப் பற்றரி தீர்ந்தால் மறுபடி வாங்குவது பெருஞ்செலவு. ஆதலால் அந்தக் கால் உவாற்று ஒரு துளியும் வீணாகாமல் ஒலிபெருக்கியைச் சேரவேண்டியிருந்தது.

அந்நாளில் வானொலி உலகிற்கு வந்த புதிய பொருள் பெரைற்று. இரும்புத் துருவோடு உறவுடைய ஒட்சைட்டுகளை மாவாக்கி அழுத்திச் சூளையிற் சுட்டெடுக்கும் கரிய மட்பாண்டம் போன்ற பொருள் அது. 1930இல் தோக்கியோவில் யோகோரோ கத்தோ, தக்கேசி தக்கேய் என்னும் இருவர் இதனைக் கண்டறிந்தனர். 1935இல் இதனைச் செய்து விற்பதற்கென்றே அங்கே ஒரு நிறுவனம் தோன்றிற்று. ஒல்லாந்தில் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ஸ்னூக் என்னும் அறிஞர் 1940களில் இதை வானொலிக்கு ஏற்றதாக்கினார். இதன் சிறப்பு யாது? இரும்பும் காந்தத்தைத் தாங்கும். ஆயின் இரும்பு மின்னைக் கடத்தும். அலையும் காந்தப்புலத்தில் வைத்த இரும்புக்குள் சுழல் மின்னோட்டங்கள் எழுந்து, ஆற்றலை வெப்பமாக்கிவிடும். அதிர்வெண் இரட்டித்தால் இந்த இழப்பு நான்கு மடங்காகும். பெரைற்றின் மின்தடையோ இரும்பினதைவிடப் பத்து இலட்சம் மடங்குக்கும் மேற்பட்டது. ஆதலால் செக்கனுக்குப் பல இலட்சம் முறை அதிரும் வானொலி அலையையும் அது இழப்பின்றித் தாங்கும்.

இதன் பயனாக, வானொலியின் தலைப்பகுதி முழுவதும் பெரைற்றின் ஆட்சிக்குள் வந்தது. ஒரு சாண் நீளமும் சுண்டுவிரற் பருமனும் உள்ள கோலில் கம்பியைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாற் போதும், வெளியே ஏரியல் வேண்டியதில்லை என்று விளம்பரங்கள் கூறின. கோலின் முனையை நிலையத்தை நோக்கித் திருப்பினால் ஒலி மறையும்; பக்கத்தைக் காட்டினால் வலுக்கும். இரைச்சல் வரும் திசைக்கு முனையைக் காட்டி அதனை அடக்கும் வித்தையும் அதனாலே கைவந்தது. சமவெளி நகரங்களுக்கு இது மெத்தச் சரி. ஆயின் அக்காலச் சாதாரணக் கோல்கள் நடுவலைக்காக ஆக்கப்பட்டவை. ஊவாவுக்குப் பகலில் உதவிய சிற்றலையில் அவற்றாற் பயன் சிறிதே. லயத்தின் கூரையிலிருந்து சவுக்கு மரத்துக்கோ மூங்கிற் கம்பத்துக்கோ இழுத்துக் கட்டிய 30, 40 அடிச் செப்புக்கம்பியே அங்கே உண்மையான ஏரியல். நகரத்துக் கடையில் இனிமையாகப் பேசிய பெட்டி மலையில் ஏறியதும் ஊமையானதற்கு, பெட்டியைக் குறைகூறுவது முறையன்று. அது வேறு நிலத்துக்காகச் செய்யப்பட்டது.

தலைப்பகுதியில் இத்துணைச் சிறந்த பெரைற்றை வாற்பகுதியிலும் வைத்தால் என்ன? பழைய வால்வு வானொலிகளைச் சீர்செய்து மகிழும் இளைஞர் இன்றும் எழுப்பும் வினா இது. வாற்பகுதியில் இறுதி வால்வுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே நிற்பது நிலைமாற்றி. டி.எல்.92 வால்வு 8,000 ஓம் சுமையை எதிர்பார்க்கிறது. ஒலிபெருக்கியோ 3 ஓம். இவ்விரண்டையும் இணைக்க முதற்சுருளுக்கும் துணைச்சுருளுக்கும் 52க்கு 1 என்ற விகிதம் வேண்டும். விகிதம் எளிது. இடர்ப்பாடு அகணியிலே இருக்கிறது.

அகணி தாங்கவேண்டிய காந்தப் பாயத்தின் அடர்த்தி நான்கினைப் பொறுத்தது. சுருளின் மேலுள்ள மின்னழுத்தம் ஏறினால் அடர்த்தி ஏறும். அதிர்வெண்ணோ, கம்பிச் சுற்றுகளோ, அகணியின் குறுக்குப் பரப்போ ஏறினால் அடர்த்தி இறங்கும். ஆகவே உயர்ந்த மின்னழுத்தம், தாழ்ந்த அதிர்வெண் ஆகிய இரண்டும் சேர்ந்து வருமிடமே அகணிக்கு மிகக் கொடிய இடம். வால்வு வானொலியின் இறுதிப் பகுதி அப்படிப்பட்ட இடமே ஆகும். கணக்கைப் பார்ப்போருக்கு இது விளங்கும். 270 மில்லி உவாற்று 8,000 ஓம் சுமையில் உண்டாக்கும் அழுத்தம் ஏறக்குறைய 46 வோல்ற்று. ஒரு சதுர சென்ரிமீற்றர் குறுக்குப் பரப்புடைய அகணியில் 3,000 சுற்றுச் சுற்றி, செக்கனுக்கு 100 அதிர்வுடைய தாழ்ந்த ஒலியைச் செலுத்தினால், பாய அடர்த்தி 3,500 கவுசை எட்டும். பெரைற்று நிரம்பிப்போகும் எல்லை 3,500 முதல் 4,500 கவுசு. சிலிக்கன் கலந்த இரும்புத் தகடோ 15,000 கவுசு வரை தாங்கும்.

இன்னும் ஒரு சுமை உண்டு. ஒற்றை வால்வின் வழியே 7.4 மில்லி அம்பியர் நேரோட்டம் இடைவிடாது முதற்சுருளில் ஓடுகிறது. அது அகணியை ஒரே பக்கமாகக் காந்தமாக்கி வைக்கும். அகணியின் துண்டுகளுக்கிடையே மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கு இடைவெளி விட்டாலும், அந்த நேரோட்டத்தால் மட்டும் ஏறக்குறைய 2,000 கவுசு எழும். இரண்டையும் கூட்டினால் 5,500. இரும்புத் தகட்டுக்கு இது இலேசான சுமை. பெரைற்றோ இதற்கு முன்பே நிரம்பி, ஒலியலையின் உச்சியை வெட்டிவிடும். தவிலொலி தகரத்தில் தட்டியது போலாகும். இடைவெளியை இரட்டிப்பாக்கி நேரோட்டத்தின் சுமையைக் குறைக்கலாமே எனின், சுருளின் தூண்டுதிறன் 5 ஹென்றிக்கும் கீழே இறங்கும். அப்பொழுது 270 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட ஒலியெல்லாம் தேய்ந்துபோகும். 100 அதிர்வு வரை நேர்மையாக ஒலிக்க அங்கே வேண்டியது 13 ஹென்றி. மனிதக் குரல் மட்டும் விளங்கினாற் போதும் என்றால், பெரைற்று அகணியை வைத்தும் ஒருவாறு ஒப்பேற்றலாம் என்பது மெய். செய்ய முடியாத காரியம் அன்று. மலிவான தகடு செவ்வனே செய்யும் பணியை, விலைகூடிய பொருளைக் கொண்டு அரைகுறையாகச் செய்வதில் ஊதியம் என்ன என்பதே வினா.

மின்னிணைப்பில் இயங்கிய பெரிய பெட்டிகளில் நிலைமை இன்னும் கடிது. அங்கே இ.எல்.84 போன்ற வால்வு 250 வோல்ற்றிலே 48 மில்லி அம்பியர் பெற்று 5 உவாற்றுக்கு மேல் தரும். முதற்சுருளின் மேல் எழும் அலையழுத்தம் 170 வோல்ற்று. கேட்கவேண்டிய தாழ்ந்த ஒலியும் 50 அதிர்வுக்கு இறங்கும். அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்கு, அதிர்வெண் பாதி; அகணியின் பாடு ஏழு மடங்குக்கும் மேல். அத்தகைய இடத்தில் பெரைற்றை நினைப்பதே வீண்.

இரும்புத் தகட்டு நிலைமாற்றிக்கும் மலைநாட்டில் ஒரு தனிப் பகை இருந்தது. அதுவே மூடுபனி. முதற்சுருளின் கம்பி தலைமயிர் போன்று மெல்லியது. அதன் மேல் எப்பொழுதும் 90 வோல்ற்று நிற்கிறது. சுற்றுகளுக்கிடையே வைத்த கடதாசி ஈரத்தை உறிஞ்சினால், அந்த ஈரமும் மின்னழுத்தமும் கூடிச் செம்பை மெல்ல மெல்ல அரித்துத் தின்னும். ஒருநாள் கம்பி பச்சை நிறப் புள்ளியொன்றில் அறுந்து, பெட்டி திடீரென ஓயும். அப்பொழுதும் பற்றரியை இணைத்தே வைத்திருந்தால் இடர் பெருகும். தகட்டுக்கு வழி அடைபட்ட மின்னோட்டம் வால்வின் திரைவலையை நோக்கித் திரும்பி வால்வையும் கெடுக்கும். ஆகவே நிலைமாற்றியை மீளச் சுற்றும் திருத்துநர், சுருளை மிதமான சூட்டில் உலர்த்தி, ஈரம் முற்றும் போனபின் சூடு ஆறுமுன்பே வார்னிசிலோ மெழுகிலோ அமிழ்த்தி எடுத்தல் வேண்டும். அப்புத்தளைக் குளிரில் இதைச் செய்யாது விட்ட சுருள் நெடுநாள் நில்லாது.

அத்திருத்துநர் தவறக்கூடிய மற்றோரிடமும் உண்டு. மின்வழங்கும் நிலைமாற்றியின் தகடுகளை இப்பக்கம் ஒன்றும் அப்பக்கம் ஒன்றுமாகக் கோத்து இடைவெளியின்றி அடுக்குவர். ஒற்றை வால்வின் ஒலி நிலைமாற்றியில் அவ்வாறன்று. தகடுகளெல்லாம் ஒரே பக்கமாக நின்று, மூடும் தகடுகளுக்கு முன்னே மெல்லிய கடதாசித் துண்டு ஒன்று இருக்கும். அதுவே மேற்சொன்ன இடைவெளி. பழைய கடதாசியைக் குப்பையென்று வீசிவிட்டு, தகடுகளை அழகாகக் கோத்து அடுக்கிவிட்டால், நேரோட்டமே அகணியை நிரப்பிவிடும். பெட்டி பேசும், ஆயின் அடித்தொனி போய்விடும். இன்ன குறையென்று அறியாமல் ஒலிபெருக்கியை மாற்றி, வால்வை மாற்றி, ஈற்றில் பற்றரியையும் மாற்றச் சொல்லும் செலவெல்லாம் அந்தச் சிறு கடதாசியால் வந்தது. ஊவாவின் சிறு கடைகளிலிருந்து இத்தகைய வேலையைச் செய்தவர்களின் திறம் எழுத்திற் பதியாமலே போனது பெரிய இழப்பு.

டிரான்சிஸ்டர் வந்தபின் 90 வோல்ற்றுப் பற்றரிக்குத் தேவை அற்றது. இன்று அது சாதாரணக் கடைகளிற் கிடைப்பதில்லை. பாட்டனாரின் பெட்டியை மீண்டும் பேசவைக்க விழையும் இளைஞரிடம் இருப்பது 12 வோல்ற்று மோட்டார் பற்றரியே. இங்கேதான் பெரைற்றுக்கு, ஒலி வழியிலன்றி மின்வழங்கும் வழியில், உயர்ந்த மின்னழுத்தத்தோடு உறவாடும் வாய்ப்புக் கிடைக்கிறது. 12 வோல்ற்றைச் செக்கனுக்கு 50 முறை திருப்பி அலையாக்கி, 1,000 கவுசுக்கு மேற்படாமல் ஒரு சதுர சென்ரிமீற்றர் அகணியைப் பயன்படுத்த முனைந்தால் முதற்சுருளுக்கு 6,000 சுற்று வேண்டும். அதே 12 வோல்ற்றை டிரான்சிஸ்டர்களால் செக்கனுக்கு 50,000 முறை திருப்பினால் 6 சுற்றுப் போதும். துணைச்சுருளுக்கு இழப்பையும் ஈடுசெய்து 48 சுற்று. பெருவிரலளவு பெரைற்று வளையமே 90 வோல்ற்றை வேண்டிய அளவு தந்துவிடும். அழுத்தம் குறையவில்லை, அதிர்வெண்ணே ஏற்றப்பட்டது.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உள. 90 வோல்ற்று விளையாட்டன்று. பற்றரியைக் கழற்றியபின்பும் கண்டென்சரில் மின் தேங்கி நிற்கும். ஆதலால் ஒரு தடையைக் குறுக்கே பிடித்து அதை வடித்துவிட்டே பெட்டிக்குள் கையிடல் வேண்டும். மற்றையது மலைநாட்டுக்குச் சிறப்பாக உரியது. செக்கனுக்கு 50,000 முறை திடீர் திடீரெனத் திருப்பப்படும் மின்னோட்டம், தன் மடங்குகளில் எல்லாம் வானொலி அலையைச் சிந்தும். 600, 650, 700 கிலோ ஹேர்ட்ஸ் என நடுவலை வரிசை நெடுகிலும் அந்த இரைச்சல் கிடக்கும். அருகில் உள்ள வலுவான நிலையம் அதனை மூழ்கடித்துவிடும். நமுனுகுலவின் மறைவில், தூரத்து நிலையத்தின் மெல்லிய குரலைத் தேடுபவருக்கு அந்த இரைச்சலே பெரும் மதில். ஆகவே மாற்றுப்பகுதி முழுவதையும் தகரப் பெட்டிக்குள் அடைத்து, அதனை நிலத்தோடு இணைத்து, உள்ளே செல்லும் 12 வோல்ற்றுக் கம்பியிலும் வெளியே வரும் 90 வோல்ற்றுக் கம்பியிலும் வடிகட்டிச் சுருளும் கண்டென்சரும் வைத்தல் வேண்டும். கேட்க விரும்பும் நிலையத்தின் எண், மாற்றியின் அதிர்வெண்ணுக்கு மடங்காக அமையாதவாறு 50,000 என்பதைச் சற்றே ஏற்றியோ இறக்கியோ வைக்கலாம். அதன்பின்னும் இரைச்சல் எஞ்சுமாயின், தகரப்பெட்டியை ஏரியற் கம்பியிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, காம்பிராவின் மற்ற மூலையில் வைத்துவிடுவது நலம்.